ஏற்காடு மலையில் தட்டும் அம்பாசிடர்: டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பும் முன்

கேள்வி இதுதான்: அப்பாவின் பெட்ரோல் அம்பாசிடர், மார்க் 4, 1489 சி.சி. எஞ்சின். சேலத்துக்குள் நன்றாகவே ஓடுகிறது. ஏற்காடு ஏறினால் நான்காவது, ஐந்தாவது வளைவிலேயே கிணுகிணுவென்று தட்டுகிறது. மெக்கானிக் ஒருவர் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். சத்தம் போய்விட்டது. ஆனால் இப்போது இழுவை இல்லை, பாதி மலையில் சூடு ஏறுகிறது. டைமிங்கை நானே சரியாக வைப்பது எப்படி?

தம்பி, சத்தத்தை அடக்குவது ஒரு வேலை, டைமிங் வைப்பது வேறு வேலை. டைமிங் என்பது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். அதைத் தீர்மானித்து, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புவது டிஸ்ட்ரிப்யூட்டர். உங்கள் வண்டியில் முதலாவது மட்டும் நடந்திருக்கிறது. டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் எந்த எஞ்சினும் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு விலை உண்டு. தீப்பொறி தாமதமாக வந்தால், பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளப் பயன்படாமல், பாதி எக்ஸாஸ்ட் வால்வு வழியாகவும் பாதி சிலிண்டர் சுவர் வழியாக ரேடியேட்டர் தண்ணீருக்கும் போகும். இழுவை குறைந்ததால் நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பீர்கள், அது இன்னும் சூடாகும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் ஒரே கோளாறுதான்.

அதனால் டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்புவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும், நீங்கள் வைக்கும் டைமிங் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் சரி.

கொஞ்சம் கணக்கு. எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 18 டிகிரி திரும்பிவிடும். ஐடிலிங்கில், 800 ஆர்.பி.எம். என்று வையுங்கள், அதே நேரத்தில் 5 டிகிரிகூட நகராது. பெட்ரோல்-காற்றுக் கலவை தீப்பிடித்து முழு அழுத்தம் வர ஒரு நேரம் தேவை. அந்த அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டி பத்துப் பதினைந்து டிகிரி இறங்கியிருக்கும்போது வந்து சேர்ந்தால்தான் நல்ல தள்ளு கிடைக்கும். ஆகவே உச்சிக்கு முன்பே பொறி விழ வேண்டும், வேகம் கூடக் கூட இன்னும் முன்னாலேயே விழ வேண்டும். இதற்குப் பெயர்தான் அட்வான்ஸ். அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறும். தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை, நசுங்கிச் சூடாகித் தானாகவே வெடிக்கும். தட்டல் அதுதான். தகர டப்பாவுக்குள் கொலுசைப் போட்டு ஆட்டுவது போல இருக்கும். கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வால்வுகளைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம் ஐடிலிங்கிலும் கேட்கும். இது பாரம் இழுக்கும்போது மட்டும் கேட்கும், காலை எடுத்தால் நின்றுவிடும்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் டைமிங்கைத் தீர்மானிப்பவை மூன்று. முதலாவது, நாம் கையால் திருப்பி வைக்கும் அடிப்படை டைமிங். இரண்டாவது, பேஸ் பிளேட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும். வேகம் கூடும்போது இவை வெளியே விரிந்து அட்வான்ஸைக் கூட்டும். மூன்றாவது, பக்கத்தில் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் வாக்கும் யூனிட். அரை மிதியில் சமதளத்தில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும். அதற்காக இது கூடுதல் அட்வான்ஸ் கொடுக்கும். மலையில் நீங்கள் முழுதாக மிதித்தால் வாக்கும் விழுந்துவிடும், இதுவும் ஒதுங்கிவிடும். அதாவது ஏற்காடு ரோட்டில் எஞ்சின் நம்பியிருப்பது அடிப்படை டைமிங்கையும் அந்த இரண்டு எடைக்கட்டிகளையும்தான். மலையில் தட்டுகிறது என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த கியரில் ஏறுகிறீர்கள்? அடிவாரத்தில் வந்த வேகத்திலேயே மூன்றாவது கியரில் வளைவுக்குள் விட்டு, வேகம் 25க்கு இறங்கிய பிறகும் அதிலேயே மிதித்து இழுத்தால், எந்த டைமிங் வைத்தாலும் தட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறும் வண்டி அது. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். நம் அப்பாக்கள் தலைமுறை கியர் மாற்றச் சோம்பல்பட்டே எத்தனையோ எஞ்சின் பேரிங்குகளைத் தின்றிருக்கிறது.

சரி, இப்போது போனட்டைத் திறக்கலாம். டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றுங்கள், உள்ளே சுற்றும் ரோட்டரை மேல்நோக்கி உருவுங்கள். பாயிண்ட் தெரியும். திறந்து மூடும் சிறு மின்தொடுப்பு அது, திறக்கும் நொடியில்தான் பொறி விழும். அதைத் திறந்து இரண்டு முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் அதே அளவு மேடு இருந்தால், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பாயிண்டை ராவி ஓட்டுவது வழியில் நின்றுவிட்டால் செய்யும் வேலை, வீட்டில் செய்வது அல்ல. இடைவெளி 14 முதல் 16 தவ் வரை (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றி, பாயிண்டின் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமின் (நடு ஷாஃப்டில் இருக்கும் முனைகள் உள்ள பாகம்) முனையில் சரியாக ஏறி நிற்கும்படி வைத்துவிட்டு, ஃபீலர் கேஜின் 15 தவ் தகட்டை விடுங்கள். தகடு வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி அதிகம். தகடு போகும்போது பாயிண்டின் கை அசைந்தால் குறைவு. புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது விரலுக்குத் தெரியுமே ஒரு லேசான பிடிப்பு, அதுதான் அளவு. தகட்டில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். பாயிண்டில் எண்ணெய் பட்டால் கருகும். ஃபீலர் கேஜ் இல்லாமல் ஆக்ஸா பிளேடை வைத்து வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸா பிளேடின் கனம் 25 தவ், அது பிளக் இடைவெளிக்குப் பொருந்தும், பாயிண்டுக்குப் பொருந்தாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னுக்குப் போகும். குறைந்தால் பின்னுக்குப் போகும். குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகக் குறைந்து, வண்டி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும். எனவே டைமிங்கை வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால், செய்த வேலை போச்சு. பாயிண்ட் முதலில், டைமிங் அப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது. கேம் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ரோட்டரைத் திரும்பச் சொருகிவிட்டு, அதை விரலால் அது சுற்றும் திசையிலேயே திருப்பிப் பாருங்கள். அம்பாசிடரின் 1489 எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். ஸ்பிரிங் பிடித்தபடி சில டிகிரி போய், விட்டதும் பளிச்சென்று திரும்ப வேண்டும். தொளதொளவென்று போனால் ஸ்பிரிங் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். அப்படியானால் குறைந்த வேகத்திலேயே முழு அட்வான்ஸும் வந்துவிடும். மலையில் இரண்டாவது கியரில் கிணுகிணுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது. நேர்மாறாக, இறுகிப் போய் அசையவே இல்லை என்றால் எடைக்கட்டிகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. ரோட்டருக்கு அடியில் இருக்கும் திருகின் மேல் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டால் கீழே இறங்கும். வருஷக்கணக்கில் அந்த இரண்டு சொட்டை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டியதுதான். ஷாஃப்டைப் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டைத் தாங்கும் உறையான புஷ் தேய்ந்து ஆட்டம் இருந்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி ஒவ்வொரு நேரத்தில் விழும். அந்த எஞ்சினுக்கு டைமிங் என்று ஒரு எண்ணே கிடையாது.

வாக்கும் யூனிட்டைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கார்பரேட்டர் பக்கத்தில் அதன் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பேஸ் பிளேட் நகர வேண்டும். நாக்கால் குழாய் வாயை அடைத்துக்கொண்டால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மலைத் தட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சேலம்–ஓமலூர் ரோட்டில் மைலேஜ் அடிபடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது டைமிங். முதலில் டிஸ்ட்ரிப்யூட்டர் உடலிலும் எஞ்சின் பிளாக்கிலும் சேர்ந்தாற்போல ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். எல்லாம் குழம்பிப் போனாலும் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். முன்பக்க கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும், டைமிங் செயின் மூடியில் அதற்கு எதிராகப் பற்கள் இருக்கும். பெரிய பல் டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சி. மற்றவை 5 டிகிரி, 10 டிகிரி. கண்ணுக்கு வசதியான இடத்தில் இருக்காது, எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, வெட்டில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள். வீட்டில் யாருடைய நெயில் பாலிஷ் ஆனாலும் சரி.

நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். எந்த வயர் எந்த பிளக்குக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் சுற்று. வெட்டு உங்கள் கையேட்டில் சொன்ன டிகிரிக்கு வரும்வரை மெதுவாகக் கொண்டுவாருங்கள். கையேடு இல்லையென்றால் 5 டிகிரியில் ஆரம்பியுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துச் சரி செய்யக் கூடாது. செயினிலும் கியரிலும் இருக்கும் தொய்வு உங்களை ஏமாற்றும். நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று எடுத்து, ஒரு முனையை பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மெல்லிய வயர் வரும் இடத்திலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் மாட்டுங்கள். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் விளக்கு எரியாது, திறந்தால் எரியும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிப்யூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் விளக்கு அணையும்வரை திருப்புங்கள். பிறகு ரோட்டரை விரலால் கடிகாரத் திசையில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடலைக் கடிகாரத் திசையில் மெல்ல, மிக மெல்லத் திருப்புங்கள். விளக்கு எரியும் அந்த நொடியில் கையை நிறுத்துங்கள். அதுதான் பொறி விழும் இடம். போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது உடல் கொஞ்சம் கூடவே திரும்பும், அதனால் ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்று சுற்றி வந்து, விளக்கு குறியில்தான் எரிகிறதா என்று மறுபடி பாருங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள், காயில் சூடாகும்.

எவ்வளவு திருப்பலாம் என்பதில்தான் பலர் கை தவறுகிறார்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் ஒரு டிகிரி திரும்பினால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. உடலின் விளிம்பில் நகத்தின் கனம் அளவு நகர்த்தினால் இரண்டு டிகிரி போயிற்று. ‘கொஞ்சம் திருப்பினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நெல் அகலம் திருப்பியிருந்தாலே ஏழெட்டு டிகிரி பின்னால் போயிருக்கும். வண்டி ஏன் மலையில் மூச்சு வாங்குகிறது என்று இப்போது புரியும்.

டைமிங் லைட், அதாவது பொறி விழும் ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு, கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் பிளக் வயரில் மாட்டி, வாக்கும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் வெளிச்சம் அடியுங்கள். வெள்ளைப் பொட்டு ஒரே இடத்தில் நிற்கும். டெஸ்ட் லேம்ப்பில் வைத்ததைவிட ஒன்றிரண்டு டிகிரி முன்னால் காட்டினால் பயப்பட வேண்டாம், எடைக்கட்டிகள் லேசாக விரிந்திருக்கும். ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டினால் பொட்டு வழுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். குதித்தால் ஸ்பிரிங், நடுங்கினால் புஷ். ஒரு எச்சரிக்கை: அந்த வெளிச்சத்தில், சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் நின்றுவிட்டது போலத் தெரியும். கை தானாக அந்தப் பக்கம் போகும். தோளில் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். என் மாமாவின் பட்டறையில் ஒரு துண்டு ஃபேனுக்குள் போனதைப் பார்த்தவன் நான். நல்லவேளை, துண்டு மட்டும்தான் போனது.

கடைசிச் சோதனை ரோட்டில். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும் வழியில் ரோடு காலியாக இருக்கும் இடத்தில், டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். மிதித்ததும் ஒரு கணம் மெலிதாகக் கிணுகிணுத்து, வேகம் ஏறும்போது மறைந்தால் டைமிங் நல்ல இடத்தில் இருக்கிறது. தொடர்ந்து தட்டினால் நகக் கனம் பின்னால். சத்தமே இல்லாமல் மந்தமாக இருந்தால் நகக் கனம் முன்னால். ஒரு தடவைக்கு ஒரு நகக் கனம்தான். பிறகு மலை ஏறுங்கள்.

இதை ஏற்காட்டில் போய்ச் செய்யாதீர்கள். பல வருஷத்துக்கு முன் நான் செய்தேன். ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று காதை மட்டும் நம்பி டைமிங் வைத்தேன். தட்டும்வரை முன்னால் கொண்டுபோய்க் கொஞ்சம் பின்வாங்கினேன். வண்டி பறந்தது. மறுநாள் மே மாத வெயிலில் சேலம் ஐந்து ரோட்டில் சிக்னலிலிருந்து எடுத்தபோது, தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தட்டியது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறையும், அழுத்தமும் குறையும், காற்றும் குளிர்ந்திருக்கும். தட்டுவதற்கான காரணங்கள் எல்லாமே அங்கே பலவீனம். அங்கே சரியாகத் தோன்றும் டைமிங் கீழே அதிகம். உங்கள் வண்டி நான்காவது, ஐந்தாவது வளைவில் தட்டுவதும் இதனால்தான்: அங்கே காற்று இன்னும் சேலத்துக் காற்று, ஏற்றம் மட்டும் மலை ஏற்றம். உச்சிக்கு நெருங்கும்போது தட்டல் தானாகக் குறைந்திருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள். மேலே போனதும் இழுவை கொஞ்சம் குறைவதும் கலவை ரிச் ஆவதும் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாவதும்) கார்பரேட்டர் வண்டிக்கு இயல்பு, அதற்கு டைமிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் தட்டினால், காரணம் டிஸ்ட்ரிப்யூட்டரில் இல்லை. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பால் தாராளமாக விட்ட காப்பி நிறம் நல்லது. வெளுத்துப் போயிருந்தால் கலவை லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவு. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தட்டலைத் தடுப்பதில் பழைய பெட்ரோலைவிட மேல், ஆனால் எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய அளவில் வைத்த கார்பரேட்டருக்குக் கலவை லீனாகிவிடும். கொஞ்சம் ரிச் செய்ய வேண்டியிருக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டியிருக்கும். அப்பா காலத்திலிருந்து ஹெட் திறக்காத எஞ்சின் என்றால் உள்ளே கரி கனமாகப் படிந்திருக்கும். அது கம்ப்ரஷனையும் கூட்டும், நெருப்புத் துண்டு போலக் கனன்று கலவையைக் கொளுத்தவும் செய்யும். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் மலையில் இதே கதைதான். பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போடச் சொல்வார்கள். நல்லதுதான், பாயிண்ட் தேய்மானத் தொல்லை இல்லை. ஆனால் எடைக்கட்டிகளும் புஷ்ஷும் பழையவையே, அவை கெட்டிருந்தால் கிட் எதையும் காப்பாற்றாது.

வேலை முடிந்து ஏற்காடு போய்வந்த பிறகு, எஞ்சின் ஆறியதும் கிளாம்ப் போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். கழற்றி அடைத்த வாக்கும் குழாயைத் திரும்ப மாட்டினீர்களா என்றும் பாருங்கள். நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.